உப்பளத்தில் ஒரு பாட்டு: பருவத் தேர்வுக்கு இசைக் காணொளி எடுக்கிறேன், என் திட்டத்தில் எங்கே ஓட்டை?

உப்புக்காற்று:
எல்லோருக்கும் வணக்கம். காட்சித் தொடர்பியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இந்தப் பருவத்தில் 40 மதிப்பெண்ணுக்கு ஓர் இசைக் காணொளி இயக்க வேண்டும். பாட்டு என் வகுப்புத் தோழன் எழுதி இசையமைத்தது. நீளம் 3 நிமிடம் 20 விநாடி. விடியுமுன் உப்பளத்துக்குப் போகும் ஒரு தாயைப் பற்றி மகள் பாடுவதாக வரிகள். பாடியவள் என் விடுதி அறைத்தோழி. திரையிலும் அவளே வருகிறாள். இடம் தூத்துக்குடி உப்பளம். கல்லூரியின் கேமரா ஒன்று, லென்ஸ் இரண்டு, ஆட்கள் ஆறு பேர், கையில் 9,000 ரூபாய், நாள் ஒன்றே ஒன்று.

கதை இதுதான்: சிறுமி, பள்ளி, அப்பாவின் மரணம், அடகுக் கடை, ரயிலேறும் மகள், வழியனுப்பும் தாய், பட்டமளிப்பு, மீண்டும் உப்பளம். ஷாட் பட்டியல் 62-இல் வந்து நிற்கிறது. பல்லவி முழுவதும் மெதுவசைவில், அறைத்தோழி சிவப்புப் பட்டுச் சேலையில் உப்புப் பாத்திக்குள் நடந்துகொண்டே பாட வேண்டும் என்பது என் ஆசை.

மூன்று சந்தேகங்கள். ஒரு நாளில் 62 ஷாட் முடியுமா? மெதுவசைவில் வாயசைப்பு எப்படிப் பொருந்தும்? வெயிலில் உப்பு எல்லாம் வெள்ளையாக வெளிறிப்போகாமல் எப்படி எடுப்பது?

மூன்றாம்பெஞ்சு:
முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லத் தகுதி இருக்கிறது, ஏனென்றால் சென்ற ஆண்டு நான் 48 ஷாட் எழுதிக்கொண்டு போய் 19 எடுத்துத் திரும்பினேன். அந்த 19-இல் நான்கு, ஆட்டோவில் உட்கார்ந்து எல்லோரும் சாப்பிடக் காத்திருந்தபோது எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்தவை. கடைசியில் அவைதான் நன்றாக இருந்தன.

பழையநாக்ரா:
கேளம்மா. நான் முப்பது வருடத்துக்கு மேல் படப்பிடிப்புத் தளங்களில் பாட்டு ஒலிக்கவிட்டவன். அப்படி ஒலிக்கவிடும் கருவிக்கு நாக்ரா என்று பெயர். ஸ்டீஃபன் குடெல்ஸ்கி 1951-இல் உருவாக்கிய டேப் ரிக்கார்டர். போலிஷ் மொழியில் அந்தச் சொல்லுக்கே ‘பதிவு செய்யும்’ என்றுதான் பொருள். பிறகு மடிக்கணினி வந்தது. ஆனாலும் தளத்தில் என்னை ‘நாக்ரா’ என்றுதான் கூப்பிட்டார்கள்.

உன் கணக்கை நானே போட்டுப் பார்த்தேன். எடுக்க ஏற்ற வெளிச்சம் காலை ஆறரையிலிருந்து பத்தரை, மாலை மூன்றரையிலிருந்து ஆறேகால். ஏழு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. 62 ஷாட் என்றால் ஒன்றுக்கு ஏழு நிமிடம்கூட இல்லை. அதற்குள் முக்காலியைத் தூக்கி வரப்பில் நடந்து அடுத்த இடத்துக்குப் போக வேண்டும். அதுவும் அடகுக் கடை உப்பளத்துக்குள் இல்லை, பார்.

ஷாட் பட்டியலைக் கொஞ்ச நாள் மூடி வை. பாட்டை எத்தனை முறை எழுதிக்கொண்டே கேட்டிருக்கிறாய்? வேலை செய்துகொண்டே கேட்டதைச் சொல்லவில்லை. தாளும் பென்சிலுமாக உட்கார்ந்து கேட்டதைச் சொல்கிறேன்.

உப்புக்காற்று:
உண்மையைச் சொன்னால், அப்படி ஒரு முறைகூடக் கேட்கவில்லை ஐயா.

தாளக்கட்டு:
நான் மிருதங்கம் வாசிப்பவன், இப்போது ஒலித்தொகுப்பிலும் இருக்கிறேன். தோழனிடம் பாட்டின் வேகம் என்ன என்று கேளுங்கள். நிமிடத்துக்கு எத்தனை தட்டு?

உப்புக்காற்று:
96 என்கிறான். நான்கு நான்காக எண்ண வேண்டுமாம்.

தாளக்கட்டு:
அருமை! உங்களுக்கு அதிர்ஷ்டம். 96 என்றால் ஒரு தட்டுக்கு 0.625 விநாடி. விநாடிக்கு 24 ஃபிரேமில் (தனிப்படங்களில்) எடுத்தால் ஒரு தட்டு சரியாக 15 ஃபிரேம், பின்னமே இல்லை. இதை ஆதி தாளமாக எட்டு எட்டாக எண்ணிப் பாருங்கள்: ஓர் ஆவர்த்தனம், அதாவது எட்டுத் தட்டு கொண்ட ஒரு முழுச் சுற்று, 5 விநாடி, 120 ஃபிரேம். 200 விநாடிப் பாட்டு 40 ஆவர்த்தனம்.

ஒரு நோட்டில் 1 முதல் 40 வரை வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே என்ன கேட்கிறது என்று மட்டும் குறியுங்கள், என்ன காட்டப் போகிறீர்கள் என்பதைத் தொடவே கூடாது. எந்த வாத்தியம் நுழைகிறது, எது நிற்கிறது, அவள் எங்கே மூச்சு வாங்குகிறாள், எந்தச் சொல் நீள்கிறது. பிறகு வாருங்கள்.

முத்துநகர்வாசி:
இடையில் ஒரு வார்த்தை. நான் அந்த ஊர்க்காரன். என் அப்பாவும் அத்தையும் அளத்தில் உப்பு வாரியவர்கள். பாத்திக்குள் பட்டுச் சேலையோடு நடந்து பாட வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். பாத்தி என்பது கடற்கரை மணல் இல்லை. களிமண் தரையை மிதித்து மிதித்துக் கெட்டியாக்கி, அதன் மேல் நீரை நிறுத்தி, நாள் கணக்கில் காத்திருந்து விளைய வைப்பது. நீங்கள் நான்கு முறை நடந்து ஐந்தாவது முறை ‘இன்னொரு டேக்’ என்று கேட்டால் சேறு கிளம்பி உப்போடு கலக்கும். அந்தப் பாத்தி உப்பு அழுக்கானால் யாருடைய கூலியில் கை வைப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்?

இன்னொன்று. பின்னால் உண்மையான பெண்கள் தலையில் சுமக்க, முன்னால் பட்டுச் சேலை பாடுவது எனக்குப் பார்க்கப் பிடிக்காது. ஒளிப்பதிவு எவ்வளவு அழகாக இருந்தாலும் பிடிக்காது.

மூன்றாம்பெஞ்சு:
அண்ணாச்சி, மாணவிதானே, கொஞ்சம் மெதுவாகச் சொல்லலாம்.

முத்துநகர்வாசி:
மெதுவாகத்தான் சொன்னேன் தம்பி.

உப்புக்காற்று:
அண்ணாச்சி சொன்னதில் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். என் அம்மா அந்த அளத்தில்தான் வேலை செய்கிறார். நான் படிப்பது மதுரையில், வீடு தூத்துக்குடியில். பாட்டை எழுதிய தோழன் என்னைக் கேட்டுக் கேட்டுத்தான் வரிகளை எழுதினான். நான் சின்ன வயதில் விடுமுறை நாட்களில் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறேன். பட்டுச் சேலை ஏன் என்றால்... வெள்ளையில் சிவப்பு எடுப்பாக இருக்கும் என்று நினைத்தேன். அவ்வளவுதான். வேறு காரணம் இல்லை.

முத்துநகர்வாசி:
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் வேறு மாதிரி பேசியிருப்பேன் தங்கச்சி. பாத்தியைப் பற்றிச் சொன்னதை மட்டும் மாற்ற மாட்டேன். உங்கள் அம்மாவிடம் கேளுங்கள், இன்னும் கடுமையாகச் சொல்வார். வரப்பில் நில்லுங்கள், அம்பாரத்தின் (உப்புக் குவியலின்) அடியில் நில்லுங்கள். வாரி முடித்து நீர் பாய்ச்சாத பாத்தி இருந்தால் மேற்பார்வையாளரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். முதலாளியிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். யாரையாவது வேலையை நிறுத்தி நடிக்கச் சொன்னால் அந்த நேரத்துக்குக் கூலி கொடுங்கள். வடகிழக்குப் பருவமழை வந்தால் அளமே மூடிக்கிடக்கும், அதையும் பார்த்துத் தேதி வையுங்கள்.

ஒளிமானி:
மூன்றாவது கேள்வியை யாருமே தொடவில்லையே. ஒளிப்பதிவு உதவியாளன் என்ற முறையில் சொல்கிறேன். உப்பு வெளிறிப்போவதைவிடப் பெரிய ஆபத்து உங்கள் தோழியின் முகம் கருத்துப்போவது. கேமராவைத் தானியங்கியில் விட்டால், சட்டம் முழுவதும் வெள்ளையைப் பார்த்து ஐயோ இவ்வளவு வெளிச்சமா என்று மொத்தத்தையும் குறைக்கும். உப்பு சாம்பல் நிறமாகும், முகம் இருட்டாகும். ஆகவே எல்லாம் கைமுறையில். முகத்துக்கு அளவு வையுங்கள். தூரத்து அம்பாரம் கொஞ்சம் வெளிறினால் வெளிறட்டும், உச்சி வெயிலில் உப்பு நம் கண்ணுக்கே அப்படித்தான் தெரியும்.

கணக்கு: நல்ல வெயிலில் ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்திறன்) 100, ஷட்டர் விநாடியில் நூறில் ஒன்று என்றால் லென்ஸின் திறப்பு எஃப் 16. 24 ஃபிரேமுக்கு ஷட்டரை ஐம்பதில் ஒன்றுக்கு இறக்குவீர்கள், அப்போது எஃப் 22. பின்புலம் மங்க வேண்டும் என்று எஃப் 4-க்குத் திறந்தால் ஐந்து நிறுத்தம் அதிகம் (ஒரு நிறுத்தம் என்றால் ஒளி இரு மடங்கு). உப்பின் எதிரொளிக்கு இன்னும் ஒன்று சேர்த்து ஆறு என்று வையுங்கள். அதாவது ஒளியை 64 மடங்கு குறைக்கும் என்.டி. ஃபில்டர் (லென்ஸ் முன்னால் மாட்டும் கருங்கண்ணாடி) வேண்டும். அது இல்லாமல் போனால் ஷட்டரை ஏற்றித்தான் சமாளிப்பீர்கள், அசைவெல்லாம் வெட்டுவெட்டாகத் தெரியும். கல்லூரி அலமாரியில் ஃபில்டர் இருக்கிறதா, அது உங்கள் லென்ஸின் வாய்க்குப் பொருந்துகிறதா என்று இன்றே பாருங்கள்.

ஒரு நல்ல செய்தி. தரையே வெள்ளை என்பதால் கீழிருந்து ஒளி முகத்துக்குத் திரும்பும். கண்ணுக்கடியில் விழும் நிழலை உப்பே நிரப்பும், தெர்மாகோல் பலகை தூக்கத் தேவையில்லை. சில நேரம் அதுவே அதிகமாகி முகம் தட்டையாகும். அப்போது ஒரு கறுப்புத் துணியைப் பக்கவாட்டில் பிடித்தால் கன்னத்துக்கு வடிவம் வரும். அம்மாவின் பழைய கறுப்புப் போர்வை போதும்.

லென்ஸை அங்கே வைத்து மாற்றவே மாற்றாதீர்கள். காற்றில் உப்பு இருக்கிறது. காரின் கதவைச் சாத்திக்கொண்டு மாற்றுங்கள். திரும்பி வந்ததும் முக்காலியின் கால்களை நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள். உப்புநீரில் நின்ற முக்காலியை அப்படியே திருப்பிக் கொடுத்த ஒருவரை எனக்குத் தெரியும். அடுத்த ஆண்டு அதன் பூட்டு திறக்கவில்லை. (அந்த ஒருவர் நான்தான்.)

விடைத்தாள்:
நான் இந்தப் பாடம் நடத்துகிறவன், வேறு கல்லூரியில். திருத்துபவன் பக்கத்திலிருந்து ஒரு குரல் இருக்கட்டும். இசைக் காணொளியில் படத்துக்கும் வரிகளுக்கும் உள்ள உறவை ஆண்ட்ரூ குட்வின் என்ற ஆய்வாளர் மூன்றாகப் பிரித்தார்: வரி சொல்வதையே படம் காட்டுவது, வரி சொல்வதைப் படம் மேலும் பெருக்குவது, வரியோடு தொடர்பே இல்லாமல் படம் போவது. உங்கள் 62 ஷாட்டும் முதல் வகை. ‘அப்பா போனார்’ என்றால் அப்பாவின் படத்துக்கு மாலை. ‘ரயில்’ என்றால் ரயில். மாணவர்களில் பெரும்பாலோர் செய்வது இதுதான், நானும் ஆண்டுக்கு முப்பது மாலைகளைப் பார்க்கிறேன்.

பாட்டு தோழனுடையது என்றாலும் வரி, மெட்டு, ஒலிப்பதிவு என்று உரிமை மூன்று வகை. ஒவ்வொன்றுக்கும் உரியவரிடம் ஒரு பக்கக் கடிதம் வாங்குங்கள். தாளக் கோவையை இணையத்திலிருந்து எடுத்தானா என்றும் கேளுங்கள். வகுப்பில் பயிற்சிக்காக மாணவர் பயன்படுத்துவதற்கு 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில் இடம் இருக்கிறது. யூடியூபில் ஏற்றுவது அந்தக் கணக்கில் வராது.

பழையநாக்ரா:
ஆசிரியர் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் வகை பிரிப்பது பிற்பாடு செய்கிற வேலை. எடுக்கும் முன்பு காதுதான் வேலை செய்ய வேண்டும்.

விடைத்தாள்:
வகை தெரிந்தால் காதும் கூர்மையாகும் ஐயா. இரண்டும் சண்டைக்காரர்கள் இல்லை.

உப்புக்காற்று:
நோட்டு எழுதிவிட்டேன். இரண்டு இரவுகள் ஆயின. கணக்கு இப்படி வருகிறது:

முகப்பிசை 4 ஆவர்த்தனம், பல்லவி 6, இடையிசை 4, முதல் சரணம் 8, இடையிசை 4, இரண்டாம் சரணம் 8, கடைசிப் பல்லவி 6. மொத்தம் 40.

எழுதி முடித்த பிறகுதான் உறைத்தது. அவள் பாடாத இடம் மொத்தமே 12 ஆவர்த்தனம். அறுபது விநாடி! அப்பா, அடகுக் கடை, ரயில், பட்டமளிப்பு எல்லாவற்றையும் நான் ஒரே நிமிடத்தில் அடைக்கப் பார்த்திருக்கிறேன். மீதி நேரம் முழுவதும் ஒரு பெண் பாடுகிறாள், அவள் எங்கே நிற்கிறாள் என்று என் பட்டியலில் ஒரு வரிகூட இல்லை.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. இரண்டாம் சரணத்தின் ஐந்தாவது ஆவர்த்தனத்தில் எல்லா வாத்தியமும் நின்றுவிடுகிறது, குரல் மட்டும். நூறு முறை கேட்ட பாட்டில் இதை நான் கவனித்ததே இல்லை.

தாளக்கட்டு:
அது 31-ஆவது ஆவர்த்தனம். அந்த ஐந்து விநாடியில் வெட்டு போடாதீர்கள், அதை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

பழையநாக்ரா:
இப்போது உன் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். மெதுவசைவில் வாயசைப்பு வேண்டுமென்றால் விநாடிக்கு 48 ஃபிரேமில் எடு, பாட்டை இரட்டை வேகத்தில் ஒலிக்கவிடு. 24-இல் ஓட்டும்போது வாய் சரியாக வரும், உடல் மட்டும் மிதக்கும். ஆனால் 96 இரண்டு மடங்கானால் 192. அந்த வேகத்தில் அவள் சொற்களை உச்சரிக்கப் பழக வேண்டும், ஒரு வாரமாவது. சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் கூட்டும் மென்பொருளைப் பயன்படுத்து. இல்லாவிட்டால் குரல் அணில் கத்துவதுபோல் ஆகி எல்லோரும் சிரித்து அரைமணி நேரம் போய்விடும். முழு இரட்டிப்பு கடினமாக இருந்தால் 36 ஃபிரேம், ஒன்றரை வேகம். உன் கேமரா 36-இல் எடுக்குமா என்று பார்த்துக்கொள்.

பல கேமராக்களில் மெதுவசைவில் எடுக்கும்போது ஒலி பதிவாகாது. ஆகவே ஒவ்வொரு டேக்கின் தொடக்கத்திலும் பாட்டு ஓடும் தொலைபேசித் திரையை, விநாடி எண் தெரியும்படி, லென்ஸ் முன்னால் காட்டு.

அடுத்து, பள்ளிக்கூடத்தில் சொல்லித்தராத ஒன்று. ஒலி ஒரு விநாடிக்குச் சுமார் 345 மீட்டர் போகும். 24-ஆல் வகுத்தால் ஒரு ஃபிரேமுக்கு 14 மீட்டர். உன் அளம் திறந்த வெளி. ஸ்பீக்கர் கேமராவுக்குப் பக்கத்தில், தோழி 70 மீட்டர் தள்ளி அம்பாரத்தின் அடியில் என்று வை. பாட்டு அவள் காதுக்குப் போய்ச் சேர ஐந்து ஃபிரேம் ஆகும். கேமராவின் மைக்கோ உடனே கேட்டுவிடும். அந்த ஒலியை நம்பி எடிட்டிங்கில் பொருத்தினால் வாய் ஐந்து ஃபிரேம் பின்னால் இழுக்கும், உனக்குக் காரணமே புரியாது. நான் ஒரு கடற்கரையில் இதில் ஒரு பகல் முழுக்கத் திட்டு வாங்கியிருக்கிறேன்.

ஸ்பீக்கரை அவளுக்குப் பக்கத்தில் ஒளித்து வை. அப்போதும் கேமரா மைக்கை நம்பாதே, இப்போது அதற்குத்தான் தாமதம். கண்ணால் பொருத்து.

தாளக்கட்டு:
கண்ணால் பொருத்த ஒரு வழி: ப, ம வரும் சொற்களைப் பிடியுங்கள். ‘இதழ் இயைந்து பிறக்கும் பகார மகாரம்’ என்று தொல்காப்பியமே சொல்லிவிட்டது. உதடு மூடும் ஃபிரேம் துல்லியமாகத் தெரியும். க, ங எல்லாம் தொண்டைப் பக்கம் நடப்பவை, பார்த்துப் பிடிக்க முடியாது.

மூன்றாம்பெஞ்சு:
தொல்காப்பியத்தை எடிட்டிங் மேசைக்குக் கொண்டுவந்த முதல் இழை இதுவாகத்தான் இருக்கும்.

உப்புக்காற்று:
‘அம்மா’ என்ற சொல் பாட்டில் பதினொரு இடத்தில் வருகிறது. பொருத்துவதற்குக் குறைவில்லை.

புதிய திட்டம். கதை இல்லை. ஒரு காலைப்பொழுது மட்டும். மகள் அம்பாரத்தின் அருகே வரப்பில் உட்கார்ந்து பாடுகிறாள், வீட்டில் உடுத்தும் பருத்திச் சேலையில். பாட்டு முழுவதையும் ஒரே ஷாட்டாக மூன்று தூரங்களிலிருந்து எடுக்கிறேன்: 70 மீட்டர், பத்து மீட்டர், முகம். மெதுவசைவு கடைசிப் பல்லவியில் மட்டும். அந்த அறுபது விநாடிக்கு அம்மாவின் கைகள், வாரும் கோல், விளிம்பில் பூத்த உப்பு, தூக்குவாளி. மொத்தம் 17 ஷாட்.

அம்மாவை முகம் தெரிய நிற்கச் சொன்னேன். ‘கையை வேண்டுமானால் எடுத்துக்கொள்’ என்றார்.

முத்துநகர்வாசி:
இது சரி. வெயிலில் வெள்ளையைப் பார்த்துக்கொண்டே இருந்தால் கண் எரியும், பாடுகிற பெண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி ஒன்று எடுத்துப் போங்கள், டேக் இல்லாத நேரத்தில் போட்டுக்கொள்ளட்டும். எங்கள் அத்தைக்கு அது கிடைக்கவில்லை.

விடைத்தாள்:
பழைய 62-ஐயும் கோப்பில் வையுங்கள், கிழிக்க வேண்டாம். ஏன் மாற்றினீர்கள் என்பதற்கு இந்த நோட்டு சாட்சி. நான் திருத்துவதாக இருந்தால் அந்த இரண்டு தாளுக்கும் நடுவில்தான் மதிப்பெண் போடுவேன்.

உப்புக்காற்று:
சனிக்கிழமை எடுத்துவிட்டோம்! 17-இல் 15 கிடைத்தன. விடியலுக்கு முன் நீல வெளிச்சத்தில் எடுக்க நினைத்த இரண்டும் போயின, ஃபில்டரைக் கழற்ற மறந்து எல்லாம் இருட்டு. ஒளிமானி அண்ணா மன்னிக்கவும். முக்காலியைக் கழுவிவிட்டேன்.

ஒரு கேள்வி. 70 மீட்டர் ஷாட்டுக்கு ஸ்பீக்கரை மறைக்க இடம் இல்லை. அம்மா தன் கூடையைக் கவிழ்த்து அதற்குள் வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். தூரம் அதிகம், முகம் தெரியாது என்று சொன்னதால் சம்மதித்தார். பத்து மீட்டருக்குக் கேமராவை நகர்த்தியபோதும் அவர் எழுந்து போகவில்லை, நாங்களும் கவனிக்கவில்லை. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது அவர் திரும்பி என்னைப் பார்த்து, ‘சத்தத்தைக் குறை’ என்று சொல்வது வாயசைவில் தெளிவாகத் தெரிகிறது. கோபமாகச் சொல்கிறார். அறைத்தோழி சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையைக் குனிகிறாள். மற்ற டேக்குகளில் அவள் முகம் இவ்வளவு உயிரோடு இல்லை. அம்மாவிடம் காட்டிக் கேட்டேன், ‘வைத்தால் வைத்துக்கொள், பாத்தியை மிதித்த ஷாட் எதுவும் இல்லையே’ என்றார். வைக்கலாமா?

பழையநாக்ரா:
எந்த ஆவர்த்தனத்தில் வருகிறது?

உப்புக்காற்று:
23. முதல் சரணம் முடிந்து இடையிசை தொடங்கும் இடம். சமத்துக்கு (ஆவர்த்தனத்தின் முதல் தட்டுக்கு) இரண்டு ஃபிரேம் முன்பே திரும்பிவிடுகிறார்.

தாளக்கட்டு:
அவர் பாட்டோடு போகவில்லையே. இரண்டு ஃபிரேம் முன்பாகவே இருக்கட்டும், நகர்த்தாதீர்கள்.

பழையநாக்ரா:
நானும் அதையேதான் சொல்ல வந்தேன். ஸ்பீக்கர் சத்தம் உண்மையிலேயே அதிகமாகத்தான் இருந்திருக்கும்.